கிளிமூக்கு மாங்காயில் ஒரு சாவி மாட்டி: ஸ்க்ரோல் சாவில் முதல் வேலை

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி மரத்தில் வளைவுகளை அறுக்கும் இயந்திரம் ஸ்க்ரோல் சா. அது வீட்டுக்கு வந்ததும் பலரும் முதலில் எடுப்பது பிள்ளையார் உருவம், இல்லையென்றால் வீட்டுப் பெயர்ப் பலகை. இரண்டும் முதல் வேலைக்கு ஆகாது. பிள்ளையாரில் இருபது முப்பது உட்துளைகள் வரும். தமிழ் எழுத்தில் சுழிக்குச் சுழி பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். தருமபுரிப் பக்கம் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சியை அறுக்க ஆசைப்படுவார்கள். கனியை ஏந்தும் விரல்கள் 2 மி.மீ. தடிமனில் நிற்கும், எடுத்துத் துடைக்கும்போதே ஒடியும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கும் கிளிமூக்கு மாங்காய்தான் முதல் வேலைக்குச் சரியான வடிவம். தோளில் அகலமான வளைவு, வயிற்றில் நீண்ட வளைவு, முடிவில் கிளியின் அலகு மாதிரி ஒரு கூர். ஒரே உருவத்தில் பெரிய வளைவும் சிறிய வளைவும் கூர்மூலையும் பழகிவிடலாம். நடுவில் கொட்டையின் இடத்தில் ஒரு துளி வடிவமும், மேலே இரண்டு இலைகளும் வெட்டி எடுத்தால் உள்வெட்டும் வந்துவிடும். கீழ்ப்பக்கம் நான்கு கொக்கி மாட்டினால் சாவி மாட்டி.

அளவு: நீளம் 220 மி.மீ., உயரம் 130 மி.மீ. நடுத் துளி 60க்கு 30. இலைகள் ஒவ்வொன்றும் 28 மி.மீ. நீளம். எந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில் குறைந்தது 6 மி.மீ. மரம் நிற்கட்டும். கொக்கி வரும் கீழ் விளிம்பில் 20 மி.மீ. விடவும். எதிர்க்கடைக்காரரின் தராசிலிருந்து ஒரு காயை எடுத்துத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினாலே போதும். இணையத்தில் தேடி எடுக்கும் மாங்காய் பெரும்பாலும் பட்டுப் புடவை மாங்காயாகத்தான் இருக்கும், அதன் வால் சுருண்டு உள்ளே போகும். அது மூன்றாவது வேலைக்கு.

மரம் 12 மி.மீ. தடிமனில் வேண்டும். 'புதியவன்தானே, மெல்லிய பலகையில் ஆரம்பிக்கிறேன்' என்பது தப்புக் கணக்கு. 3 மி.மீ. பலகையில் பிளேடு வெண்ணெயில் போவதுபோலப் போகும், கை உணர்வதற்குள் கோட்டைத் தாண்டி 5 மி.மீ. போயிருக்கும். 12 மி.மீ. மரம் பிளேடைக் கொஞ்சம் எதிர்க்கும், அந்த எதிர்ப்புதான் திருப்பக் கற்றுத்தரும். கொக்கியின் திருகு பிடிக்கவும் அவ்வளவு தடிமன் தேவை.

நல்ல ப்ளைவுட் துண்டு எளிதான வழி. இன்டீரியர் வேலை நடக்கும் வீட்டில் ஆசாரியிடம் கேட்டால் 250க்கு 160 அளவில் கழிவுத் துண்டு கிடைக்காமல் போகாது. வாங்குவதானால் விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் பொந்து தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம். பொந்துக்குள் பிளேடு நுழைந்ததும் திடீரென எதிர்ப்பு இல்லாமல் போய் முன்னால் குதிக்கும். ப்ளைவுட்டில் ஒரு குறை உண்டு: அடுக்குகளை ஒட்டிய பசை பல்லைச் சீக்கிரம் மழுக்கும்.

மாமரத்திலேயே மாங்காய் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், பார்வைக்கும் அழகு. காய்ப்பு ஓய்ந்த தோப்பு மரங்கள் அறுப்பு மில்லுக்கு வரும் ஊர் இது. ஆனால் பச்சை மரத்தை வாங்கி அடுத்த வாரமே அறுத்தால், வெயிலில் பலகை கிண்ணமாக வளையும். காற்றில் உலர ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மாமரத்துக்கு இன்னொரு எதிரி துளைப்பான் வண்டு. குண்டூசித் துளைகள் இருந்து, பலகையைத் தட்டினால் மாவு கொட்டினால், அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஒசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு: தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்த பைன் மரப் பெட்டி. வெளிநாட்டுப் பெட்டியில் சூடு போட்ட முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடவும். உடைந்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று ஒரு காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

இனி பிளேடு. இந்த வேலையில் பாதி இங்கேதான் முடிவாகிறது. மாங்காய் கோணலாக வந்தால் எல்லோரும் கையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி பிளேடு: மழுங்கியது, தளர்ந்தது, தலைகீழாக மாட்டியது, அல்லது மரத்துக்குப் பொருந்தாதது.

ஸ்க்ரோல் சா பிளேடின் நீளம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. இரண்டு வகை. இரு முனையிலும் குறுக்கே சிறு ஊசி இருப்பது ஒன்று, ஊசி இல்லாத மொட்டை பிளேடு மற்றொன்று. ஊசி உள்ளதை மாட்டுவது எளிது. ஆனால் அந்த ஊசி நுழைய உட்துளை 5 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும், இலை வடிவத்தில் அதற்கு இடம் இடிக்கும். மொட்டை பிளேடுக்கு 2 மி.மீ. துளை தாராளம். விலை குறைந்த இயந்திரங்கள் ஊசி பிளேடோடு வரும், மொட்டை பிளேடைப் பிடிக்கும் இணைப்பும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். ஹார்ட்வேர் கடையில் கேட்டால் ஜிக்சா பிளேடை எடுத்துக் காட்டுவார்கள். அது வேறு. நீளமும் பிடியும் பொருந்தாது. இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு, இல்லையென்றால் இணையம்.

12 மி.மீ. மரத்துக்கு 5ஆம் எண் பிளேடு. எண் ஏற ஏற பிளேடு அகலமாகும், பல் பெரிதாகும். 3ஆம் எண் மெல்லிய மரத்துக்கும் நுண்வேலைக்கும், 7ஆம் எண் கெட்டி மரத்துக்கும் தடித்த பலகைக்கும். கீழ்முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் 'ரிவர்ஸ்' பிளேடு கிடைத்தால் அதையே எடுங்கள், ப்ளைவுட்டின் அடிப்பக்கம் சிலாம்பு கிளம்புவது நன்றாகக் குறையும். எல்லாத் திசையிலும் வெட்டும் முறுக்கு பிளேடு என்று ஒன்று விற்பார்கள், திருப்பவே வேண்டாம் என்று கவர்ச்சியாகவும் இருக்கும். வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் வரும், மர நார் இழுக்கிற பக்கமெல்லாம் ஓடும். முதல் வேலைக்கு அதைத் தொட வேண்டாம். பிளேடை ஒன்று இரண்டாக வாங்காமல் டஜனாக வாங்குங்கள். ப்ளைவுட்டில் ஒரு பிளேடு கால் மணியிலிருந்து இருபது நிமிடம் நன்றாக வெட்டினால் அதன் ஆயுள் அவ்வளவுதான். இந்த மாங்காய்க்கு இரண்டு, பழகுவதற்கு ஒன்று.

மாட்டும் முன் பிளேடின் இரு முனைகளையும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுக்கவும். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் முனையில் இருந்தால் பிடி வழுக்கும். பல் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். விரலை மெல்ல மேல்நோக்கித் தடவினால் பல் கவ்வ வேண்டும், கீழ்நோக்கித் தடவினால் வழுக்க வேண்டும். தலைகீழாக மாட்டியிருந்தால் சுவிட்சைப் போட்டதும் பலகை மேசையிலிருந்து எகிறிக் குதிக்கும். ரிவர்ஸ் பிளேடானால், இயந்திரத்தைக் கையால் சுற்றி பிளேடு உச்சிக்குப் போகும்போது கீழ்ப் பற்களில் இரண்டு மூன்று மேசைக்கு மேலே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அவை மரத்தைத் தொடவே போவதில்லை, காசு வீண்.

அடுத்து பிளேடின் இறுக்கம். பிளேடை வீணைத் தந்திபோலச் சுண்டினால் 'டிங்' என்று தெளிவாக ஒலிக்க வேண்டும், 'டொப்' என்று அல்ல. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 2, 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தளர்ந்த பிளேடு வளைவில் வயிறு தள்ளும். அப்போது மேல்பக்கம் கோட்டில் அழகாகப் போயிருக்கும், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வேறு மாங்காய் இருக்கும். மிகவும் இறுக்கினால் பிடிக்கு அருகில் ஒடியும். உடைந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும். முனையில் ஒடிந்தால் பிடியையோ இறுக்கத்தையோ பாருங்கள். நடுவில் ஒடிந்தால் முரட்டுத்தனமாகத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது மழுங்கிய பிளேடை மாற்ற மனமில்லாமல் இழுத்திருக்கிறீர்கள்.

மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் டிகிரி அளவை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். சின்ன மூலைமட்டத்தை பிளேடை ஒட்டி வைத்துப் பாருங்கள். அதைவிடத் துல்லியமான சோதனை ஒன்று உண்டு. 40 மி.மீ. உயரமான கட்டையில் 2 மி.மீ. ஆழம் மட்டும் கீறல் போடவும். கட்டையை மேசையை விட்டுத் தூக்காமல் அரைவட்டம் திருப்பி, அந்தக் கீறலை பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். பிளேடு கீறலுக்குள் மேலிருந்து கீழ்வரை ஒட்டி நுழைந்தால் மேசை நேர். சாய்ந்து தெரிந்தால் மேசையைச் சரிசெய்து இன்னொரு முறை. மேசை சாய்ந்திருந்தால் நடுத் துளி ஒரு பக்கமாக மட்டுமே வெளியே விழும், மறுபக்கம் அடைத்துக்கொள்ளும்.

இயந்திரத்தை பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து அறுக்கவே கூடாது. நிமிடத்துக்கு ஆயிரம் முறை மேலும் கீழும் போகும் கை அது, அதிர்வில் கோடு இரட்டையாகத் தெரியும். கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கவும். இந்தப் பக்கத்தில் கிரானைட் பட்டறைக் கழிவுப் பலகை சுலபமாகக் கிடைக்கும். மேசைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் கிரானைட், அதன்மேல் இயந்திரத்தை இறுக்கிய தடித்த ப்ளைவுட் என்று வைத்தால் அதிர்வு கணிசமாக அடங்கும். பளபளப்பான இன்னொரு சிறு கிரானைட் துண்டையும் எடுத்துவாருங்கள், வேலை இருக்கிறது.

படத்தை ஒட்டும் முறை எளிது. மரத்தின்மேல் முதலில் மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டவும். டேப்பின்மேல் கோந்துக் குச்சியால் தாளை ஒட்டவும். வேலை முடிந்ததும் டேப்பைப் பிடித்து இழுத்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும். ஃபெவிகாலால் நேரடியாக மரத்தில் ஒட்டினால் பசை நாருக்குள் இறங்கி, அந்தத் தாளைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையாகும். கெட்டி மரமானால் தாளுக்கு மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் பளபள டேப் ஒரு சுற்று போடுங்கள், வெட்டு கருகுவது குறையும்.

துளைகளை 2 மி.மீ. பிட்டால் போடவும். கழிவாக விழப்போகும் பகுதிக்குள், கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி. அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்துத் துளைக்காவிட்டால் பின்பக்கம் பிய்ந்து வரும். துளைத்த பிறகு அடிப்பக்கத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்கவும். துளையைச் சுற்றி நிற்கும் சிறு பிசிறு மேசையின் ஓட்டையில் மாட்டி, நடு வளைவில் பலகையை நிறுத்திவிடும்.

கண்ணாடி, என்95 முகக்கவசம், இரண்டும் கட்டாயம். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடவும். விரல் எப்போதும் பிளேடின் பக்கவாட்டில், அதன் பாதையில் அல்ல. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணைக்கவும். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அப்போது உங்கள் விரல் பிளேடை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது.

படத்தைத் தொடும் முன் கழிவுத் துண்டில் பத்து நிமிடம். வேகம் நிமிடத்துக்கு 700 முதல் 900 இழுப்பு. ஒரு நேர்க்கோடு வரைந்து அதன்மேல் போய்ப் பாருங்கள். நேராகத் தள்ளினால் பிளேடு பெரும்பாலும் வலப்பக்கம் விலகும். உங்கள் கை பழுதல்ல. அச்சில் அடித்துச் செய்த பிளேடின் ஒரு விளிம்பில் நுண்ணிய பிசிறு தங்கும், அந்தப் பக்கம் அது கூடுதலாக வெட்டும். பலகையை எந்தக் கோணத்தில் வைத்துத் தள்ளினால் பிளேடு கோட்டிலேயே போகிறது என்று கண்டுபிடியுங்கள். மூன்று நான்கு டிகிரி இருக்கும். மாங்காய் முழுவதையும் அந்தக் கோணத்தில்தான் அறுக்க வேண்டும். பலகையை இயந்திரத்தோடு நேராக வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான்.

அறுக்கும் வரிசை: முதலில் இலைகள், பிறகு துளி, கடைசியில் வெளிக்கோடு. வெளியே அகலமான கழிவு இருக்கும்வரை விரல் பிடிக்க இடம் இருக்கும். வெளிக்கோட்டை முதலில் அறுத்துவிட்டால் கையில் சின்ன மாங்காய் மட்டும் நிற்கும், பிளேடுக்கும் விரலுக்கும் இடையே தூரம் குறையும்.

உள்வெட்டுக்கு பிளேடின் மேல்முனையைக் கழற்றி, பலகையைக் கீழே இறக்கித் துளைக்குள் நுழைத்து, மறுபடி பிடியில் மாட்டி இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சுண்டிப் பார்த்த பிறகுதான் சுவிட்ச். மூன்றாவது துளையில் இந்தச் சோதனையை எல்லோரும் விட்டுவிடுவார்கள், பிளேடும் அங்கேதான் ஒடியும்.

அறுக்கும்போது உங்கள் வேலை பலகையைத் திருப்புவது மட்டும். வெட்டுவது பிளேடின் வேலை. இரண்டு கையும் பலகையைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு, முன்னால் தள்ளுவது மிக மெதுவாக. பிளேடு பின்பக்கம் வளைவது தெரிந்தால் அதிகம் தள்ளுகிறீர்கள். பார்வை பிளேடில் அல்ல, பிளேடுக்கு 3, 4 மி.மீ. முன்னால் இருக்கும் கோட்டில் இருக்கட்டும். வெளிக்கோடு ஏறத்தாழ 560 மி.மீ., உள்வெட்டுகள் இன்னொரு 280. நிதானமாகப் போனால் இருபது நிமிடத்துக்குக் குறையாது. குறைந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

கோட்டை விட்டு விலகினால் சட்டென்று திருப்பி இழுக்க வேண்டாம். அந்த இடம் பல் கடித்த மாதிரி நிரந்தரமாகத் தெரியும். அடுத்த 10, 15 மி.மீ. தூரத்தில் மெல்ல மெல்லக் கோட்டுக்குத் திரும்புங்கள். தாளைப் பிரித்த பிறகு கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, வளைவு சீராக இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். விலகினாலும் கழிவுப் பக்கம் விலகுவது நல்லது, அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

அலகின் கூர் நுனிக்கு ஒரு தந்திரம். நுனியில் நின்று திருப்பாதீர்கள். கோட்டிலேயே நேராக வெளியே, கழிவுக்குள் போய்விடுங்கள். அங்கே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து, நுனியின் மறுபக்கக் கோட்டைப் பிடியுங்கள். கூர் ஊசிபோல வரும். இலையின் நுனி உள்மூலை என்பதால் அங்கே வட்டமடிக்க இடம் போதாது. மூலைவரை போய், 2 மி.மீ. பின்வாங்கி, முன்னால் தள்ளுவதை முற்றிலும் நிறுத்திவிட்டு, பிளேடின் முதுகில் லேசாகச் சாய்த்தபடி பலகையை ஒரே இடத்தில் சுழற்றுங்கள். மூலை உருண்டையாக வந்தால் சுழற்றும்போதும் தள்ளியிருக்கிறீர்கள். அல்லது இரு பக்கமிருந்தும் தனித்தனியாக வந்து மூலையில் சந்தியுங்கள், புதியவருக்கு இதுவே எளிது.

வெட்டின் ஓரம் பழுப்பாகக் கருகினால் பிளேடு மழுங்கிவிட்டது அல்லது வேகம் அதிகம். பலகை படபடவென அடித்துக்கொண்டால், அதை மேலிருந்து பிடிக்கும் அழுத்துக்கால் உயரமாக இருக்கிறது, மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கவும். அனுபவசாலிகள் அந்தக் காலைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நீங்கள் இப்போதைக்கு விட்டுவையுங்கள்.

அறுத்து முடிந்ததும் டேப்பைப் பிரித்து, அந்தச் சிறு கிரானைட் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து மாங்காயை அதன்மேல் தேயுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் சரிந்துபோகும். கிரானைட் தட்டையாக இருப்பதால் மாங்காயும் தட்டையாக நிற்கும். முதலில் 120ஆம் எண் தாள், பிறகு 180, பிறகு 240. ப்ளைவுட்டின் மேல் அடுக்கு மெல்லியது, 120இல் பத்து இழுப்புக்கு மேல் போனால் அடியில் இருக்கும் பசை தெரியும். உள்வெட்டுகளுக்கு ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய உப்புத்தாள்.

பூச்சுக்கு அரக்கு பாலிஷ் இரண்டு கை போதும். மாமரமானால் ஆளிவிதை எண்ணெய் பூசிப் பாருங்கள், பொன்னிறம் எழும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்து விறைத்த பிறகு எறியவும்.

கொக்கிகளின் திருகு நீளம் 10 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, மேலே போனால் பின்னால் முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் 1.5 மி.மீ. முன்துளை, 8 மி.மீ. ஆழம். பிட்டில் 8 மி.மீ. இடத்தில் ஒரு துண்டு டேப் சுற்றினால் ஆழம் தவறாது. திருகில் கொஞ்சம் சோப்பைத் தடவித் திருகினால் அடுக்கு பிளக்காது. சுவரில் மாட்ட மேல்பக்கம் இரண்டு 5 மி.மீ. துளைகள், கொட்டைத் துளியின் இரு பக்கமும்.

நடுவிலிருந்து விழுந்த துளியைத் தூக்கி எறிய வேண்டாம், அதுவும் ஒரு குட்டி மாங்காய்தான். சாவிக்கொத்தில் தொங்கவிடலாம். பிளேடு நுழைந்த 2 மி.மீ. துளை ஏற்கெனவே இருக்கிறதே என்று அதிலேயே வளையத்தைப் போடாதீர்கள். அந்தத் துளையிலிருந்து விளிம்புவரை பிளேடு போன கீற்று திறந்திருக்கிறது, இரண்டே நாளில் அங்கே பிளந்துவிடும். எதிர்முனையில், விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே, புதிதாக 4 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள்.